கடல்பனிக் கணக்கு: போன மாத வகுப்புக்கு ஒரு திருத்தம்



போன மாத ஞாயிறு வகுப்பில் நான் ஒரு தப்பு செய்தேன். தேவாரம் முடிந்து பொது அறிவு நேரம். பருவநிலை மாற்றம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "வட துருவத்துல கடல் மேல மிதக்கிற பனி உருகிக்கிட்டே போகுது. அதெல்லாம் தண்ணியாயிட்டா நம்ம பந்தாய் மெர்டேக்கா முங்கிப் போயிடும்" என்று கொஞ்சம் பயமுறுத்துகிற குரலிலேயே சொன்னேன். பின் வரிசையில் இருந்த படிவம் நான்கு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். அவள் கையில் சிராப் ஐஸ்.

"அண்ணே, இதுல ஐஸ் கரைஞ்சுக்கிட்டேதான் இருக்கு. தண்ணி மேல ஏறவே இல்லையே?"

அவள் சொன்னதுதான் சரி. மிதக்கிற ஐஸ் கட்டி தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டுத்தான் மிதக்கிறது. கரைந்தால் அந்த இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். கடல் மட்டத்தை உயர்த்துவது கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் தரை மேல் கிடக்கிற பனியும், மலைகளில் இருக்கும் பனியாறுகளும், சூடாகி விரியும் கடல் நீரும். கடல்பனி அந்தக் கணக்கில் வராது. நான் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டேன்.

அதோடு விட்டார்களா? இன்னொரு தம்பி, தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், எழுந்து நின்றான். "அப்ப அந்தப் பனி இருந்தா என்ன, போனா என்ன? 2050-ல இப்படி ஆகும்னு கம்ப்யூட்டர் சொல்றதும் ஒரு ஜோசியந்தானே அண்ணே?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரம் படித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

முதல் கேள்வி, பனி போனால் என்ன? சித்ரா பௌர்ணமிக்குக் காவடி எடுத்தவர்களுக்குப் பதில் காலிலேயே தெரியும். மத்தியானம் பன்னிரண்டு மணி, வெறுங்கால், தார் ரோடு. என்ன செய்வோம்? நடுவில் இருக்கிற வெள்ளைக் கோட்டுக்குத் தாவுவோம். ஒரே வெயில், ஒரே ரோடு. கறுப்பு சுடுகிறது, வெள்ளை பொறுக்கிற மாதிரி இருக்கிறது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, கறுப்பு விழுங்குகிறது. துருவத்திலும் இதேதான். புதுப்பனி மூடிய கடல்பனி, தன் மேல் விழும் வெயிலில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பனி விலகினால் அடியில் கறுப்புக் கடல். அது 90 விழுக்காட்டுக்கு மேல் விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய சூடு பக்கத்தில் இருக்கும் பனியையும் உருக்கும். அது இன்னும் கொஞ்சம் கறுப்பைத் திறந்துவிடும். இப்படியே சங்கிலி போல.

எவ்வளவு போயிருக்கிறது? 1979 முதல் துணைக்கோள்கள் விடாமல் பார்த்து வருகின்றன. கோடை முடிகிற செப்டம்பரில்தான் வடதுருவப் பனி மிகக் குறைவாக இருக்கும். 1980 வாக்கில் அது ஏறக்குறைய 70 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பரில் 34 லட்சம். நம் மலேசியா சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர். அதாவது 21 மலேசியா இருந்த இடத்தில் 10 மலேசியாதான் மிச்சம்.

இந்த வெள்ளை போனதால் பூமி எவ்வளவு கூடுதல் வெயிலை விழுங்கியது என்று நேரடியாக அளந்தவர்களில் ஒருவர் நம்மவர். வீரபத்ரன் ராமநாதன், 1944-இல் சென்னையில் பிறந்தவர். பதினோரு வயதில் குடும்பம் பெங்களூருக்குப் போனது. புதுப் பள்ளியில் எல்லாம் ஆங்கிலம். ஆசிரியர் சொல்வது புரியவில்லை, வகுப்பில் பின்தங்கிப் போனார். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததால் தானே யோசித்துக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டேன் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். தமிழ்ப்பள்ளி முடித்து பெராலிஹான் வகுப்பில் முதல் நாள் உட்கார்ந்தவர்களுக்கு இது என்ன உணர்வு என்று நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கே இன்னும் அந்த நாற்காலி ஞாபகம் இருக்கிறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டிக்குள் இருக்கும் குளிர்வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது அவர் வேலை. பிடிக்காமல் விட்டுவிட்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் போனார். 1975-இல் அவர் எழுதிய கட்டுரை உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த சிஎஃப்சி வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் அளவுக்குப் பூமியைச் சூடாக்கும் என்றார். எந்த வாயுவோடு மல்லுக்கட்டினாரோ அதே வாயு!

2014-இல் அவரும் கிறிஸ்டினா பிஸ்டோன், இயன் ஐசன்மன் இருவரும் சேர்ந்து துணைக்கோள் அளவுகளை எடுத்து வடதுருவ வெள்ளையைக் கணக்கிட்டார்கள். 1979-இல் அந்தப் பகுதி திருப்பி அனுப்பிய வெயில் 52 விழுக்காடு. 2011-இல் 48. நான்கு விழுக்காடு சின்ன எண் மாதிரி தெரியும். பூமி முழுவதற்கும் பரப்பிப் பார்த்தால், அதே காலத்தில் கூடிய கரியமில வாயு தந்த சூட்டில் கால் பங்குக்குச் சமம். வெயில் படும் மாதங்களில் பனி முழுக்கப் போய்விட்டால், ஒரு லட்சம் கோடி டன் கரியமில வாயுவைக் கூடுதலாக விட்ட மாதிரி ஆகும் என்று 2019-இல் அதே மூவர் எழுதினார்கள். தம்பியின் "போனா என்ன?"வுக்கு இதுதான் பதில். கடல் மட்டம் இல்லை, வெள்ளை.

இனி ஜோசியம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கிராணியின் கணக்குப் புத்தகம் தெரியும். யார் எவ்வளவு பால் கொண்டுவந்தார், எவ்வளவு கூலி போனது, மிச்சம் எவ்வளவு. கணினி மாதிரி என்பதும் அப்படி ஒரு வரவு செலவுதான். கடலைச் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பக்கம். வெயில் எவ்வளவு வந்தது, காற்று எவ்வளவு சூட்டை எடுத்தது, அடியில் இருக்கும் கடல் எவ்வளவு கொடுத்தது? மிச்சம் கழித்தலில் வந்தால் பனி தடிக்கும், கூட்டலில் வந்தால் உருகும். பிறகு அடுத்த மணி நேரம். மறுபடி அதே கணக்கு.

முதலில் இதைப் போட்டது கணினி இல்லை, பேனா. 1891-இல் ஆஸ்திரியாவின் ஜோசப் ஸ்டெஃபான், துருவப் பயணிகள் கொண்டுவந்த அளவுகளை வைத்துப் பனி வளரும் விதியை எழுதினார். பனி வளர வேண்டுமானால் அடியில் இருக்கும் தண்ணீரின் சூடு பனிக்குள் புகுந்து மேலே போக வேண்டும். பனி தடிக்கத் தடிக்க அதுவே போர்வை ஆகிவிடுகிறது; சூடு வெளியேற நேரம் பிடிக்கும். ஒரு பேச்சுக்கு, இரண்டு நாளில் 10 சென்டிமீட்டர் வளர்ந்தால், 20 ஆவதற்கு எட்டு நாள், 40 ஆவதற்கு 32 நாள். தடிமன் இரண்டு மடங்கு, நாள் நான்கு மடங்கு. இதை வைத்தே ஒரு விஷயம் புரியும். குளிர்காலத்தில் பனி வேகமாகத் திரும்பி வருகிறதே, பிறகு என்ன கவலை என்று சிலர் கேட்பார்கள். திரும்பி வருவது மெல்லிய பனி. மெல்லியது அடுத்த கோடையில் முதலில் போகும்.

1971-இல் மேகட், உண்டர்ஸ்டைனர் என்ற இருவர் பனிக்கு மேலே விழும் புதுப்பனியையும், உள்ளே சிக்கிய உப்புநீரையும் சேர்த்து, கணினியில் போட்டுப் பார்த்தார்கள். வருஷக்கணக்காக ஓடவிட்டபோது தடிமன் சுமார் 3 மீட்டரில் வந்து நின்றது. அன்றைய துருவப் பனியின் தடிமனும் ஏறக்குறைய அதுதான். ஆனால் பனி நின்ற இடத்தில் நிற்காதே! நார்வேயின் நான்சன் 1893-இல் தன் கப்பலை வேண்டுமென்றே பனியில் சிக்கவிட்டு அதோடு மிதந்தார். காற்று அடிக்கும் திசைக்கு நேராகப் போகாமல், பனி வலப்பக்கம் ஒதுங்கிப் போவதைக் கவனித்தார். பூமி சுழல்வதால் வரும் விளைவு அது. காற்று, நீரோட்டம், பனி ஒன்றோடொன்று முட்டி மடிவது எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுவந்தவர் ஹிப்லர், 1979-இல். இன்றைய மாதிரிகள் பலவும் அவர் போட்ட பாதையில்தான் போகின்றன.

சரி, கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? நம் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1825-இல் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். ஜான் வாரன் என்பவர் அதைப் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடம்தான் பிசகு. நடுவில் 23, முடிவில் 52. ஜோசியம் பிசகினால் தெரியாது, ஏதாவது சமாதானம் சொல்லிவிடலாம். இந்தக் கணக்கு பிசகினால் வானமே காட்டிக்கொடுத்துவிடும். இப்படி வானத்தோடு ஒத்துப் பார்க்கும் வழக்கத்தில்தான் வாக்கியத்துக்குப் பக்கத்தில் திருக்கணிதம் வந்தது. எல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னார்கள் என்று மேடையில் முழங்குகிறோம். அந்தச் சோழிக்காரரைப் போல உட்கார்ந்து கணக்குப் போட நம்மில் எத்தனை பேர் தயார்?

பனி மாதிரிகளையும் அப்படித்தான் சோதிக்கிறார்கள். பழைய வருஷத்தில் தொடங்கி ஓடவிட்டு, நடந்து முடிந்ததைச் சரியாகச் சொல்கிறதா என்று துணைக்கோள் படத்தோடு ஒப்பிடுவார்கள். பிசகு வந்திருக்கிறது. 2007-இல் ஒப்பிட்டபோது, வடதுருவப் பனி ஏறக்குறைய எல்லா மாதிரிகளும் சொன்னதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ராமநாதன் குழு அளந்த சூடும் மாதிரிகள் காட்டியதைவிட அதிகம். தென்துருவத்தில் வேறு மாதிரி: குறையும் என்றன மாதிரிகள், 2014 வரை பனி கொஞ்சம் கூடியது, 2016 முதல் சடாரென்று சரிந்தது. தெற்கே கணக்கு இன்னும் உதைக்கிறது. கணினி அதிகமாகப் பயமுறுத்துகிறது என்று நினைக்கிற தம்பி இதைக் கவனிக்கணும். வடக்கே அது குறைத்துத்தான் சொல்லியிருக்கிறது.

2050 எங்கிருந்து வந்தது? பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கீழே போனால் பனியில்லாத வடதுருவம் என்று வைத்துக்கொள்கிறார்கள். 2050-க்குள் ஒரு செப்டம்பரிலாவது அது நடக்க வாய்ப்பு அதிகம் என்று ஐநாவின் பருவநிலைக் குழு 2021-இல் சொன்னது. எந்த வருஷம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

கடைசியாக ஒரு எண். 2016-இல் நோட்ஸ், ஸ்ட்ரோவ் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய அளவுகளை வைத்து, நாம் விடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் செப்டம்பர் பனியில் சுமார் 3 சதுர மீட்டர் போகிறது என்று காட்டினார்கள். இதைப் போன ஞாயிறு வகுப்பில் சொன்னேன். சிராப் ஐஸ் தங்கை உடனே பேனாவை எடுத்தாள். அவள் அப்பா சுங்கைப் பட்டாணியிலிருந்து தினமும் பிறைப் பக்கம் காரில் வேலைக்குப் போகிறவர். போக வர 80 கிலோமீட்டர், சுமார் 6 லிட்டர் பெட்ரோல், வருஷத்தில் 300 நாள். 1,800 லிட்டர். லிட்டருக்கு 2.3 கிலோ கரியமில வாயு. நான்கு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. பனியில் 12 சதுர மீட்டர்.

மண்டபத் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்தோம். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். "எங்க ரூம் சைஸு அண்ணே" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஜோசியம் என்று சொன்ன தம்பிதான் அந்தக் கோட்டுக்குள் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு ஒரு மாதம் எத்தனை லிட்டர் போடுகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். சாக்பீஸ் நான் வாங்கி வருகிறேன்.