கேச சம்ரக்ஷணமும் குடும்பச் செலவும்

(சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

ஒரு குடும்பத்தில் கடன் பெருகும் வழிகள் பல. கலியாணம், காதுகுத்து, வழக்கு, வியாதி முதலியவற்றால் உண்டாகும் செலவு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஆதலால் சங்கக் கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசுவதும் உண்டு. ஆனால் மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கழியும் பணம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. தலைமயிர் உதிர்கிறதே என்ற கவலையால் வாங்கப்படும் தைலங்களுக்கும் லேகியங்களுக்கும் ஆகும் பணம் இவ்வகையைச் சேர்ந்தது.

இக்கவலையை அற்பமென்று தள்ளுவது நியாயமன்று. சீப்பில் கற்றையாக வரும் மயிரைக் கண்டு மனம் கலங்காத பெண் இல்லை. இளவயதில் முன்மண்டை ஏறிவிட்ட வாலிபன் பெண் பார்க்கப் போகுமிடத்தில் படும் கூச்சமும் சிறிதன்று. அந்தக் கவலையைக் காசாக்கிக் கொள்வோர் பலர் இருப்பதனாலேயே, கேசத்தின் இயல்பை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது அவசியமாகிறது.

1. கேசத்தின் இயல்பு

மனிதர் தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொரு மயிரும் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. 2 முதல் 6 வருஷம் வரை வளர்ந்த பின், வளர்ச்சி நின்று, சுமார் 3 மாத காலம் வேரில் ஓய்ந்திருந்து, பிறகு உதிர்கிறது. அதே குழியிலிருந்து புதிய மயிர் முளைக்கிறது. ஆகவே நாள் ஒன்றுக்கு 50 முதல் 100 மயிர்கள் உதிர்வது நோயன்று. பழுத்த இலை விழுவது போன்ற இயற்கையே. வாரம் ஒரு முறை தலை முழுகுபவருக்குப் பல நாள் உதிர்ந்தவை ஒன்றாகத் திரண்டு வருவதால் அளவு மிகுதியாகத் தோன்றும்.

உயிருள்ளது தோலுக்குள் இருக்கும் வேர் ஒன்றே. வெளியே நீண்டிருக்கும் தண்டு உயிரற்றது. ஆதலால் வேருக்கு வேண்டிய போஷணை இரத்தத்தின் வழியாகவே செல்ல வேண்டும். தண்டின் மேல் எதைப் பூசினாலும் வேருக்கு உணவு ஊட்டியதாகாது. மொட்டையடித்தால் மயிர் தடித்து வளரும் என்னும் நம்பிக்கையும் இக்காரணத்தால் பொருந்தாது. வெட்டப்பட்ட நுனி மொண்ணையாக இருப்பதால் தொடும்போது தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே. சவரத்தால் ரோமத்தின் தடிப்போ வளரும் வேகமோ மாறுவதில்லை என்பதை ட்ராட்டர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1928 ஆம் வருஷத்திலேயே அளந்து காட்டியுள்ளார். நேர்த்திக்கடன் செலுத்துவது பக்தியின் பொருட்டு. கேச விருத்தியின் பொருட்டன்று.

2. தானே நின்றுவிடும் உதிர்வு

பிரசவம், டைபாய்டு, டெங்கு போன்ற கடும் ஜுரம், பெரிய அறுவைச் சிகிச்சை, கடும் பட்டினி ஆகியவற்றால் தேகம் அதிர்ச்சியுறும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்களில் பல ஒரே காலத்தில் ஓய்வு நிலையை அடைகின்றன. ஓய்வு நிலை சுமார் 3 மாதம் ஆதலால், உதிர்வு உடனே தோன்றாமல் 2, 3 மாதம் கழித்தே தோன்றுகிறது. அதற்குள் ஜுரம் மறந்துபோகிறது; உதிர்வின் காரணமும் தெரியாமற் போகிறது.

ஓர் உதாரணம் கொள்வோம். தை மாதத்தில் ஒரு பெண் குழந்தை பெறுகிறாள். சித்திரைக் கடைசியில் மயிர் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. அண்டை வீட்டார் சொற்படி ஆனி மாதத்தில் தைலம் ஒன்று வாங்குகிறாள். புட்டி ஒன்று 350 ரூபாய் வீதம் கார்த்திகை வரையில் 6 புட்டிகளுக்கு 2,100 ரூபாய் செலவாகிறது. மார்கழியில் உதிர்வு நின்று, நெற்றியோரத்தில் புதிய குறுமயிர் குச்சி குச்சியாக எழும்புகிறது. ‘தைலம் பலித்தது’ என்று அவளும் சொல்கிறாள். கேட்ட நால்வரும் வாங்குகிறார்கள். உண்மையில் பிரசவத்தால் உண்டான உதிர்வு பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகவே சீர்ப்படுவது. இயற்கை செய்த காரியத்துக்குத் தைலம் கூலி வாங்கிக்கொண்டது. அந்த 2,100 ரூபாயில், முட்டை ஒன்று 7 ரூபாய் எனக் கொண்டால், 300 முட்டைகள் வாங்கியிருக்கலாம். பால் கொடுக்கும் தாய்க்கு எது தேவை என்பதை அங்கத்தினர்களே தீர்மானிக்கலாம்.

3. உதிர்வுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நோய்

உதிர்வு 6 மாதத்துக்கு மேலும் நீடித்தால் காரணத்தைத் தேடுவது கடமை. தைராய்டுச் சுரப்பியின் கோளாறும், இரும்புச் சத்துக் குறைவும் அடிக்கடி காணப்படும் காரணங்கள். 2019-21 ஆம் வருஷங்களில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கும் இரத்தசோகை காணப்பட்டது. அதாவது பாதிக்கு மேற்பட்டோர்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், எப்போதும் களைப்பு, கண் இமையின் உட்புறமும் நகமும் வெளுத்தல், மண்ணையோ அரிசியையோ தின்ன ஆசைப்படுதல் ஆகிய குறிகள் உதிர்வோடு சேர்ந்து இருந்தால், போக வேண்டிய இடம் தைலக் கடையன்று, ஆரம்ப சுகாதார நிலையமே. ஒரு துளி இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு தெரிந்துவிடும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை எனப்படும். இதைக் கவனியாது விட்டால் நஷ்டம் கூந்தலோடு நில்லாது. அடுத்த பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து நேரலாம். வெளியே தெரியும் மயிருக்கு மருந்து தேடுபவர், உள்ளே குறையும் இரத்தத்தை மறந்துவிடலாகாது.

ஆகாரத்தில் கீரை, கம்பு, பயறு வகைகள், எள், மீன், முட்டை, ஆட்டு ஈரல் ஆகியவை இயன்றவாறு இடம்பெற வேண்டும். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பைத் தேகம் எளிதில் கிரகிப்பதில்லை. உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சம்பழச் சாறோ சேர்த்தால் அதிகமாகக் கிரகிக்கும். சாப்பாட்டுடன் காப்பி, தேநீர் அருந்தினால் கிரகிப்பது குறையும். கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுவதால், வெறுங்காலுடன் வயலில் நடப்போர் அதற்கும் மருந்து கேட்டு வாங்குதல் நலம்.

4. வேறு வகைகள்

ஆண்களுக்கு நெற்றியின் இருபுறமும் உச்சியிலும் ஏற்படும் வழுக்கை, பரம்பரையாலும் தேகத்திலுள்ள ஒருவகைச் சுரப்புநீராலும் உண்டாவது. பெண்களுக்கு வகிடு அகலுவதும் பெரும்பாலும் இவ்வகையே. இதை அடியோடு நீக்கும் தைலம் கிடையாது. மினாக்ஸிடில் என்னும் பூச்சுமருந்து சிலருக்கு வழுக்கை பரவுவதைத் தாமதப்படுத்திச் சிறிது மயிரையும் வளர்விக்கும். ஆனால் விட்டுவிட்டால் சில மாதங்களில் பலன் போய்விடும். வைத்தியரைக் கேட்டு, அந்தத் தொடர்ச் செலவு தன் வருமானத்துக்கு ஏற்குமா என்று பார்த்த பிறகே அதைத் தொடங்க வேண்டும். 1945 ஆம் வருஷத்து மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை, குணப்படுத்துவதாக உரிமை கொண்டாடலாகாத நோய்களைக் குறிப்பது. அதில் வழுக்கையும் ஒன்று என்பதை விளம்பரம் பார்ப்பவர் நினைவில் வைக்க வேண்டும்.

வட்டமாக மழமழவென்று மயிர் போகும் இடத்தைப் புழுவெட்டு என்பர். அங்கே புழு எதுவும் இல்லை. தேகத்தின் காப்புச் சக்தியே தவறி மயிர்வேரைத் தாக்குவதால் அது உண்டாகிறது. சிறு வட்டமாயின் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் மயிர் முளைத்துவிடும். காரமானவற்றைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்குதல் கூடாது. குழந்தையின் தலையில் செதில் உதிர்ந்து, மயிர் ஒடிந்து, அரிப்புடன் கூடிய வட்டம் தோன்றினால் அது படை, ஒட்டக்கூடியது. பூச்சுமருந்து மட்டும் போதாது. வைத்தியர் தரும் மாத்திரையை அவர் சொன்ன காலம் முழுவதும் உட்கொள்ளச் செய்ய வேண்டும்.

பள்ளிப் பெண்களுக்கு இரட்டைச் சடையை இறுக்கிப் பின்னி மடித்துக் கட்டுவதால் நெற்றியோரமும் காதோரமும் மயிர் குறைவதுண்டு. ஆரம்பத்தில் தளர்த்திப் பின்னினால் மீண்டும் வளரும். பல வருஷம் இழுத்துக் கட்டினால் வேர் செத்து, வளராமலே போகும். பின்னியபின் தலைவலித்தால் பின்னல் இறுக்கம் என்று அறிக.

5. சேதமும் சிக்கும்

மயிர்த்தண்டின் மேல் ஓட்டு வீட்டுக் கூரை போல நுண்ணிய செதில்கள் அடுக்கப்பட்டுள்ளன. அவை படிந்திருந்தால் மயிர் வழவழப்பாகவும், பெயர்ந்துவிட்டால் முரடாகவும் சிக்குள்ளதாகவும் இருக்கும். நனைந்த மயிர் ஊதி வலுக்குறைந்திருக்கும். ஆதலால் ஈரத்தலையை முரட்டுத் துண்டால் அடித்துத் துவட்டுவதும், நெருங்கிய பல் சீப்பால் உச்சியிலிருந்து இழுப்பதும் தவறு. அகன்ற பல் சீப்பால் நுனியில் தொடங்கிப் படிப்படியாக மேலே செல்ல வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் பல கிராமங்களில் கடினமானது. அந்நீரில் சவுக்காரம் தேய்த்தால் சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து பசைபோன்ற படிவம் உண்டாகி மயிரில் ஒட்டும். தலை வறண்டு விறைத்துப்போகும். ஷாம்பு இவ்வாறு படிவதில்லை. சீயக்காயும் சவுக்காரத்தைவிட மேலானது. மழைநீர் சேமித்துள்ள வீட்டார் கடைசி அலசலுக்கு அதை உபயோகிக்கலாம்.

எண்ணெய் மயிரை வளர்ப்பதில்லை, காப்பாற்றுகிறது. தேங்காயெண்ணெய் தண்டினுள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்றும் 2003 ஆம் வருஷம் வெளிவந்த ஓர் இந்திய ஆராய்ச்சி கூறுகிறது. தலை முழுகுவதற்கு முன் சிறிதளவு பூசுவதே போதும். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை இட்டு வீட்டில் காய்ச்சும் எண்ணெயால் சாதாரணமாகத் தீங்கில்லை. ஆயினும் வழுக்கையில் மயிரை முளைப்பிக்குமென்று எதிர்பார்க்கலாகாது. பொடுகு உள்ளவர் எண்ணெயைத் தலையில் ஊறவிட்டால் பொடுகு மிகும். கீட்டோகோனசோல் கலந்த ஷாம்பைத் தேய்த்துச் சில நிமிஷம் விட்டுக் கழுவுவது பயன் தரும்.

கேசச் சாயங்கள் பலவற்றில் பாரா-பினைலின்-டையமின் என்னும் பொருள் உண்டு. சிலருக்கு முகம் வீங்கி அரிப்பு உண்டாகும். விழுங்கினாலோ அது உயிரைப் போக்கும் விஷம். வீட்டில் இருந்தால் பூட்டி வைக்க வேண்டும்.

6. பேன்: ஓர் எச்சரிக்கை

பேன் அழுக்குத் தலையில் மட்டும் வருவதன்று; பறப்பதும் தாவுவதும் இல்லை; தலையோடு தலை ஒட்டுவதால் பரவுகிறது. பேனைக் கொல்லப் பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தைக் குழந்தையின் தலையில் தடவும் கொடிய வழக்கம் எங்கேனும் இருந்தால் அன்றே நிற்க வேண்டும். அம்மருந்து தோல் வழியாக இரத்தத்தில் கலந்து மூச்சை நிறுத்திவிடும். மண்ணெண்ணெயும் தீப்பற்றும் அபாயமுள்ளது. நூற்றுக்கு 1 பங்கு பெர்மெத்ரின் கலந்த மருந்தை ஈரத்தலையில் தடவி 10 நிமிஷத்தில் கழுவி, ஈர் பொரியும் காலமான 7 முதல் 10 நாள் கழித்து மறுபடியும் தடவ வேண்டும். பேன்சீப்பால் 3, 4 நாளுக்கு ஒருமுறை இரண்டு வாரம் வாருவதும் உடன் நடக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு இருந்தால் வீட்டார் அனைவர் தலையையும் பார்க்க வேண்டும். இல்லையேல் செய்த வேலை வீணாகும்.

7. சங்கம் செய்யத்தக்கவை

கூட்டுறவின் பலன் கடன் கொடுப்பதோடு முடிவதில்லை. சீயக்காய், பூந்திக்கொட்டை ஆகியவற்றை மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்கள் சேகரித்து விற்கின்றன. கிராமச் சங்கம் அவற்றை மொத்தமாக வாங்கி அரைத்து அங்கத்தினர்களுக்கு அடக்க விலையில் கொடுக்கலாம். இரண்டு சங்கத்தாரும் இலாபமடைவர். உள்ளூர்ச் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயையும் அவ்வாறே கொடுக்கலாம். சுகாதார நிலையத்தாரை அழைத்து, மகாசபைக் கூட்டத்தன்றே பெண் அங்கத்தினர்களுக்கு இரத்தப் பரிசோதனை நடத்தச் செய்யலாம். பூச்சிமருந்து விற்கும் சங்கமாயின், விற்கும்போதே மேற்சொன்ன எச்சரிக்கையை வாய்மொழியாகச் சொல்லிக் கொடுப்பது நிர்வாகிகளின் பொறுப்பு.

கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க கேள்விகள்

(1) சென்ற வருஷத்தில் தம் வீட்டில் தலைத் தைலங்களுக்கு ஆன மொத்தச் செலவு எவ்வளவு? (2) உதிர்வு தொடங்குவதற்கு 3 மாதத்துக்கு முன் வீட்டில் பிரசவமோ ஜுரமோ நேர்ந்ததா? (3) வீட்டுப் பெண்களில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர் எத்தனை பேர்? (4) பயிர்மருந்து வீட்டில் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது?

இக்கேள்விகளுக்கு ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டாரைக் கலந்து விடை எழுதிக்கொண்டு கூட்டத்துக்கு வருவாராக. முதற் கேள்வியின் விடை பணத்தையும், மூன்றாவதும் நான்காவதும் உயிரையும் காக்கக்கூடியவை. உதிர்ந்த மயிர் மீண்டும் முளைக்கும். வீணில் கழிந்த பணத்தைச் சம்பாதிக்க மறுபடியும் ஒரு போகம் வெயிலில் நிற்க வேண்டும். போன உயிரோ திரும்புவதில்லை.