தேங்காய் விழுவதை வரைவது எப்படி?



தொட்டியம் பக்கம் காவிரிக் கரையில் தென்னைக்கும் வாழைக்கும் குறைவில்லை. அங்கே 4.9 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு தேங்காய் விழுவதைக் கார்ட்டூன் படமாக வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காய் தரையைத் தொட ஒரு வினாடி ஆகும். திரைப்படத்தில் வினாடிக்கு 24 படங்கள் ஓடும். ஓர் ஓவியத்தை இருமுறை படமெடுக்கலாம் என்பதால் 12 ஓவியங்கள் போதும்.

உயரத்தை 12 சம பங்காகப் பிரித்து வரைந்தால் என்ன ஆகும்? காய் விழாது, கயிறு கட்டி இறக்கியதுபோல இறங்கும்! புவியீர்ப்பினால் அதன் வேகம் கூடிக்கொண்டே போக வேண்டுமல்லவா? முதல் இடைவெளி 3.4 செ.மீ. என்றால் அடுத்தது அதைப்போல 3 மடங்கு, பிறகு 5, 7, 9 மடங்கு. கடைசி இடைவெளி 23 மடங்கு, அதாவது ஏறத்தாழ 78 செ.மீ. இந்த ஒற்றைப்படை வரிசையைக் கண்டு சொன்னவர் கலீலியோ.

நீங்களே செய்து பாருங்கள். பழைய நோட்டில் 13 தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாளின் வலது ஓரத்தில், மேலே காயை வரையுங்கள். அடுத்தடுத்த தாள்களில் அந்த இடத்திலிருந்து 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்களை மில்லிமீட்டராக அளந்து வரையுங்கள். கடைசித் தாளில் 144 மி.மீ. வரும். சரசரவென்று புரட்டுங்கள், காய் விழும். இன்னொரு நோட்டில் 12 மி.மீ. சம இடைவெளியில் வரைந்து ஒப்பிடுங்கள்.

சம இடைவெளி தவறு என்பதல்ல. திருச்சி–நாமக்கல் சாலையில் சீரான வேகத்தில் போகும் பேருந்துக்கு அதுதான் பொருந்தும். ஊஞ்சலுக்கு இரண்டும் உதவாது. இரு கோடிகளிலும் ஓவியங்கள் நெருக்கமாகவும், நடுவில் விலகியும் இருக்க வேண்டும். ஊஞ்சல் கோடியில் கணநேரம் நின்றுதானே திரும்புகிறது!

1956-இல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியபோது, டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் வந்து நம் ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மான் கதை ஒன்று 1957-இல் படமாயிற்று. நான்கு கால் பிராணியை ஓடவைப்பது லேசான வேலையல்ல. இன்று இடைப்பட்ட படங்களைக் கணிப்பொறி வரைந்துவிடுகிறது. ஆனால் எங்கே நெருக்கம், எங்கே விலகல் என்று சொல்ல வேண்டியவர் ஓவியரே.

கடைசியாக ஒரு கணக்கு. ஸ்ரீரங்கத்துத் தேர் சக்கரத்தில் உருள்கிறது. தொட்டியம் மதுரகாளியம்மன் தேரையோ தோளில் சுமந்து வருகிறார்கள். முன்னேறும்போதே அது ஆடி அசைகிறது. அதன் உச்சிக் கலசம் செல்லும் பாதையை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். நேர்க்கோடு வராது.