பல்லை ராவுவதற்கு முன்

வேளச்சேரி விஜயநகர் பேருந்து நிலையத்தில் இறங்கி நூறடிச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தாலே பல் கிளினிக் போர்டுகள் வரிசையாகக் கண்ணில் படும். சொத்தை அடைப்பதும் பல் எடுப்பதும் அவற்றில் சின்ன எழுத்துக்குப் போய்விட்டன. பெரிய எழுத்தில் இருப்பது ‘ஸ்மைல் டிசைனிங்’. அதைக் கேட்டு வருபவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் நிறைய. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னால் சிரிப்பைச் சரிசெய்துவிட நினைக்கும் இறுதியாண்டு மாணவர் ஒருபக்கம். ‘வரன் பார்க்க போட்டோ எடுக்கறதுக்குள்ள முன்பல்லை முடிச்சுக் கொடுத்துடுங்க’ என்று அம்மா அழைத்துவரும் பெண் இன்னொரு பக்கம். இருவர் கையிலும் கடைசியில் திணிக்கப்படுவது எது சீக்கிரம் முடியுமோ அதுதான். பல் சிகிச்சைகளை வேகத்தை வைத்தோ விலையை வைத்தோ ஒப்பிடக் கூடாது. நல்ல பல்லிலிருந்து இது எவ்வளவு எடுக்கிறது, எடுத்ததை மறுபடி வைக்க முடியுமா என்று ஒவ்வொரு சிகிச்சையைப் பற்றியும் கேட்டால் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்பது தெளிந்துவிடும். எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் அப்படியில்லை. அதை உருவாக்கும் செல்கள், பல் ஈறுக்கு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. போன எனாமல் போனதுதான்.

வழக்கமான சிகிச்சைகளில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. க்ளீனிங் செய்தால் எனாமல் தேயும், பல் ஆட ஆரம்பிக்கும் என்ற பயம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. பல்லைப் பிடித்திருந்த காரைதான் க்ளீனிங்கில் போகிறது. ஆட்டம் தெரிந்தால் அது காரைக்குக் கீழே ஈறும் எலும்பும் முன்பே அரிக்கப்பட்டிருந்ததால் வந்தது. சொத்தை கறுப்புப் புள்ளியாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் ஃபில்லிங்கோடு நிற்கும். நரம்பைத் தொட்டுவிட்டால் ரூட் கெனால் செய்து மேலே கேப் போட வேண்டிவரும். ஆன்டிபயாடிக் மாத்திரையால் வலியைத் தள்ளிப்போடுவது சொத்தைக்கு அவகாசம் கொடுப்பது. காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சையும் ஏற்க வேண்டாம். பல் இல்லாத இடத்துக்குத்தான் இம்ப்ளான்ட். குழந்தைகள் விஷயத்தில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. ஆறு வயது வாக்கில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். ‘பால் பல்தானே, விழுந்து முளைக்கும்’ என்று அதைச் சொத்தைக்கு விட்டுவிடுகிறோம். அது விழாத பல். வாழ்நாள் முழுக்க மெல்லுவது அதில்தான். அதன் பள்ளங்களை சீலன்ட் வைத்து மூடுவது ஒரு சின்னச் செலவு.

இனி எச்சரிக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஸ்மைல் டிசைனிங் என்ற பெயரில் நடப்பது பல இடங்களில் இரண்டில் ஒன்று: முன்பற்களின் முகப்பை மெல்லியதாக ராவி அதன்மேல் பீங்கான் ஓடு ஒட்டுவது, அதாவது வெனீர், அல்லது பல்லைச் சுற்றிலும் ராவி முழு கேப் மாட்டுவது. கேப் போடும்போது என்ன நடக்கிறது என்று அருகில் பார்க்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே வைரத்தூள் பூசிய பர் சுழல்கிறது. முதலில் எவ்வளவு ஆழம் என்று அளவுக்காகச் சில கோடுகள் போடுகிறார்கள். பிறகு கோடுகளுக்கு நடுவே இருப்பதும் பக்கங்களும் ராவப்படுகின்றன. முடிந்ததும் வாயில் மிஞ்சுவது இடைவெளி விட்டு நிற்கும், மஞ்சள் நிறமான சின்னச் சின்ன முளைகள். உள்ளே இருக்கும் டென்டின் மஞ்சள்தான், எனாமல்தான் அதை மூடியிருந்தது. லேபிலிருந்து கேப் வரும்வரை தற்காலிக உறை மாட்டிவிடுவதால் பலரும் இந்தக் காட்சியைக் கண்ணாடியில் பார்ப்பதே இல்லை. எடல்ஹாஃப், சோரன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-ல் இதை எடைபோட்டே பார்த்தார்கள். வெனீருக்கு முன்பல்லின் வெளியே தெரியும் பகுதியில் 3 முதல் 30 சதவீதம் போகிறது. முழு கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம். சொத்தையே இல்லாத, வலியே இல்லாத பல்லில் மூன்றில் இரண்டு பங்கைத் தூளாக்கித் தொட்டியில் துப்புவதற்கு இருபத்தொரு வயதில் கையெழுத்துப் போடுகிறோம்.

கணக்கு அதோடு முடிவதில்லை. நன்றாகச் செய்த வெனீரோ கேப்போ பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும், சில அதற்கு மேலும். பிறகு ஓரம் பிரியும், உடையும், ஈறு விலகி விளிம்பு வெளியே தெரியும். அப்போது மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் இன்னும் கொஞ்சம் பல் போகும். ராவிய அதிர்ச்சியில் சில பற்களின் நரம்பே செத்து ரூட் கெனால் வரை போவதும் உண்டு. அறுபது வயதில் வரவேண்டிய பிரச்சினைக்கு நாற்பதிலேயே தேதி குறித்துவிடுகிறோம். பிரிட்டனிலிருந்து துருக்கிக்கு விமானம் ஏறி மலிவு விலைக்கு வாய் நிறைய கேப் மாட்டித் திரும்பும் இளைஞர்களைப் பற்றி பிரிட்டனின் பல் மருத்துவர் சங்கம் தொடர்ந்து எச்சரிப்பது இதனால்தான். வெனீரின் தொடக்கக் கதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது. 1928 வாக்கில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் ஹாலிவுட் நடிகர்களுக்காகச் செய்த ஓடுகள் படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைக்கப்பட்டவை. கேமராவுக்கு முன்னால் மட்டும் போதும் என்று செய்ததை, கழற்ற முடியாத வடிவத்தில் நம் பிள்ளைகள் ஒட்டிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் வெனீரே கூடாதா என்று கேட்கலாம். கூடும், வேறு வழி தீர்ந்த இடத்தில். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பழுப்புக் கறையோடு வளர்ந்த பற்கள் ஏராளம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு இருக்கிறது. அது செயல்பாட்டுக்கு வந்தது 2013-ல். முன்பல்லின் எனாமல் முதல் நான்கைந்து வயதுக்குள் உருவாகிவிடும். அதனால் திட்டம் வருவதற்கு முன்பே போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள் அந்தக் கறையோடுதான் சென்னைக்குப் படிக்க வருகிறார்கள். அவர்களின் கூச்சம் நியாயமானது. ஆனால் அவர்களுக்கும் படிகள் உண்டு. மேலோட்டமான கறையை மைக்ரோ அப்ரேஷன் என்ற முறையில் மயிரிழை அளவு தேய்த்தே எடுக்கலாம். அடுத்து ப்ளீச்சிங், பிறகு கறைபட்ட இடத்தில் ரெசின் ஊட்டுவது. எனாமலே குழி விழுந்து சிதைந்திருந்தால்தான் வெனீர். கறையே இல்லாமல் நடுவில் சின்ன இடைவெளி, ஓரத்தில் சின்ன உடைசல் என்றால் பல் நிறத்து காம்போசிட்டை வைத்து ஒரே நாளில் கட்டிவிடலாம். பெரும்பாலும் ராவவே வேண்டாம். சில ஆண்டுகளில் நிறம் மங்கும், மறுபடி மெருகேற்ற வேண்டும். ஆனால் கழற்றினால் அடியில் உங்கள் பல் அப்படியே இருக்கும். போர்டில் பெரிய எழுத்தில் இதற்கு இடம் கிடைப்பதில்லை, இதில் வருமானம் குறைவு.

பல் கோணலாகவோ தூக்கலாகவோ இருந்தால் பல்லை நகர்த்த வேண்டும், ராவக் கூடாது. இருபத்தொரு வயதில் கிளிப் போட்டுக்கொள்ள வயதாகிவிட்டது என்பது தவறான எண்ணம். ஈறும் எலும்பும் ஆரோக்கியமாக இருந்தால் நாற்பதிலும் போடலாம். பன்னிரண்டு வயது வாக்கில் போட்டால் தாடை வளர்ச்சியும் கைகொடுக்கும் என்பதுதான் வித்தியாசம். கிளிப்பா, கழற்றி மாட்டும் அலைனரா என்ற கேள்விக்கு என் சாய்வை மறைக்கவில்லை: மாணவர்களுக்கு சாதாரண உலோகக் கிளிப். அலைனர் பல்லைக் கெடுப்பதில்லை, லேசான கோணலுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். ஹாஸ்டல் மெஸ், டீக்கடை, நள்ளிரவு நொறுக்குத் தீனி என்று போகும் வாழ்க்கையில் அது டிஷ்யூவில் சுருட்டி மேஜையில் மறக்கப்படும் பொருளாகிவிடுகிறது. கிளிப் ஒட்டியே இருக்கிறது, மறக்க வழியில்லை. விலையும் குறைவு. மருத்துவர் நேரில் பார்க்காமல் வீட்டுக்கே கிட் அனுப்பும் அலைனர் வேண்டவே வேண்டாம். 2014-ல் அமெரிக்காவில் அப்படித் தொடங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப், 2023 செப்டம்பரில் திவால் மனு போட்டு டிசம்பரில் கடையைச் சாத்தியது. பாதிப் பல் நகர்ந்த நிலையில் இருந்தவர்களுக்குத் தொடர்ந்து பார்க்க ஆள் இல்லாமல் போயிற்று.

‘ஒன்றரை, இரண்டு வருஷம் யார் காத்திருப்பது, இன்டர்வியூ அடுத்த மாதம்’ என்பதுதான் வலுவான ஆட்சேபம். தன்னம்பிக்கை அற்ப விஷயமில்லை, வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் பிள்ளையின் வேதனை உண்மையானது. ஆனால் வேலைக்கு எடுப்பவர் கோடிங்கையும் பேச்சையும் பார்க்கிறார். அடுத்த மாதத்துக்கு ஒரு க்ளீனிங்கும், தேவையென்றால் ப்ளீச்சிங்கும் போதும். கிளிப்போடு இன்டர்வியூவுக்குப் போனால் யாரும் குறைத்து மதிப்பிடப் போவதில்லை. பல்லை நகர்த்துவது எலும்பை ஒருபுறம் கரைத்து மறுபுறம் வளரவிடும் வேலை. பத்தாம் வகுப்பிலிருந்து நான்கைந்து ஆண்டுகள் ஒரே நுழைவுத் தேர்வுக்குப் பொறுமையாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த எலும்புக்குக் காத்திருக்கும் பொறுமையும் நிச்சயம் உண்டு. பெற்றோர்தான் அவசரப்படுத்தாமல் இருக்க வேண்டும். பல்வரிசைக்காகத் தட்டிப்போகும் சம்பந்தத்துக்காகப் பெண்ணின் நல்ல பல்லைப் பலிகொடுக்க வேண்டியதில்லை. எந்தச் சிகிச்சை என்பது அவரவர் வாயைப் பொறுத்தது, அண்ணன் மகளுக்குச் செய்தது உங்கள் மகளுக்குப் பொருந்த வேண்டியதில்லை. ‘டாக்டரே சொன்னாரே’ என்றால், எந்த டாக்டர் என்று கேட்க வேண்டும். பல்லை நகர்த்துவதற்கு பி.டி.எஸ். முடித்து மூன்று ஆண்டு எம்.டி.எஸ். படித்த ஆர்த்தோடான்டிஸ்ட் இருக்கிறார். ராவலாம் என்பவரிடம் போவதற்கு முன் அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

வேளச்சேரிக்காரர்களுக்கு அது சிரமமில்லை. தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணைக்குப் போனால் ஸ்ரீ பாலாஜி பல் மருத்துவக் கல்லூரி. பறக்கும் ரயிலில் ஏறி கோட்டை நிலையத்தில் இறங்கினால், 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போக வேண்டும், காத்திருக்க வேண்டும், கை வைப்பவர் மாணவராக இருப்பார். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்கித்தான் அடுத்ததைத் தொடுவார். அவருக்கு மாத வருமான டார்கெட் கிடையாது. சிகிச்சையை வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் செய்துகொண்டாலும் கருத்தை அங்கே ஒருமுறை கேட்டுவிடலாம். போகும்போது எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரேயும், எந்தெந்தப் பல்லுக்கு என்ன, எத்தனை பல் ராவப்படும், எப்போது மாற்ற வேண்டிவரும், மாற்ற எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கிய தாளும் கையில் இருக்கட்டும். அதை எழுதித் தரத் தயங்கும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம். வெனீர்தான் என்று முடிவாகிவிட்டாலும், பல்லைத் தொடாமலே அதன்மேல் தற்காலிகமாக ரெசினில் மாதிரி வைத்துக் காட்டச் சொல்லலாம். சில நாள் அதோடு சாப்பிட்டு, பேசி, கண்ணாடியில் பார்த்து, வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துவிடலாம். அதுவரை ஒரு துளி எனாமலும் போயிருக்காது.