விளக்கில்லாத திரை

2002-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா கேம் பாய் அட்வான்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார். அதை முதன்முதலாக ஆன் செய்தபோது ராத்திரி எட்டு மணி. படம் வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, கருவியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் ஆள் எது, சுவர் எது என்று பிடிபட்டது. பழுதெல்லாம் இல்லை. நின்டெண்டோ அதை 2001-இல் விற்றதே விளக்கில்லாத திரையோடுதான். மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் அது படம் காட்டும். அந்தச் சிக்கனத்தால்தான் இரண்டு பென்சில் செல்லில் சுமார் 15 மணி நேரம் ஓடியது.

இருபது வருடம் கழித்து அதை அலமாரியிலிருந்து எடுத்தபோது எனக்கு முன்னால் மூன்று வழிகள். பழைய திரையோடே வாழ்வது ஒன்று. மடக்கும் எஸ்பி மாடலில் 2005 வாக்கில் வந்த, பின்விளக்குள்ள ஏஜிஎஸ்-101 திரையைப் பொருத்துவது இன்னொன்று. மூன்றாவது, புதிய ஐபிஎஸ் திரையைப் பொருத்தும் கிட். ஏஜிஎஸ்-101 அழகான திரைதான், ஆனால் அதற்காக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு எஸ்பியைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐபிஎஸ்ஸில் முதலில் வாங்கியது மலிவு ரகம். பக்கவாட்டில் ஓடும் ஆட்டங்களில் படத்தின் குறுக்கே ஒரு வெட்டுக்கோடு தெரிந்துகொண்டே இருந்தது. கேம் பாய் அட்வான்ஸ் நொடிக்கு 59.73 படங்கள் அனுப்பும். பேனல் வேறு வேகத்தில் புதுப்பித்தால் பாதித் திரையில் புதுப் படமும் மீதியில் பழைய படமும் நிற்கும். விற்பவர் காட்டும் புகைப்படத்தில் இது தெரியவே தெரியாது. திரை ஓடும் வீடியோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பேனலின் புள்ளிக் கணக்கு. கருவியின் படம் 240×160. பேனல் 720×480 என்றால் ஒவ்வொரு புள்ளியும் மும்மூன்றாக விரிந்து கூர்மையாக நிற்கும். முழு மடங்காக இல்லாவிட்டால் சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் போகும். எழுத்துகளைப் பார்த்தாலே கண் உறுத்தும்.

நான் எதிர்பார்க்காத சங்கதி நிறம். ‘காசில்வேனியா: சர்க்கிள் ஆஃப் தி மூன்’ 2001-இல் வந்தபோது, அந்த இருண்ட திரையில் ஒன்றும் தெரியவில்லை என்று திட்டு வாங்கிய ஆட்டம். ஐபிஎஸ்ஸில் அதைப் போட்டேன். இத்தனை நாள் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அந்தத் திட்டை மனதில் வைத்து அடுத்த ஆண்டே ‘ஹார்மனி ஆஃப் டிஸ்ஸொனன்ஸ்’ ஆட்டத்தை வேண்டுமென்றே பளிச்சென்று செய்தார்கள். அதே ஐபிஎஸ்ஸில் அது திருவிழாக் கடை பொம்மை மாதிரி இருக்கிறது. இருண்ட திரைக்காகக் கூட்டிவைத்த நிறம், வெளிச்சத் திரையில் அளவு மீறிவிடுகிறது. நிறத்தைத் தணிக்கும் வசதி சில கிட்களில் உண்டு. நூறு இருநூறு கூடுதலாகக் கேட்டாலும் அதையே வாங்குங்கள்.

பின்விளக்கு வந்ததும் செல் சீக்கிரம் தீரும், அதற்கு மருந்து கிடையாது. சார்ஜ் ஏற்றும் செல் போட்டால் சிவப்பு விளக்கு முன்கூட்டியே எரியும். அதன் மின்னழுத்தமே 1.2 வோல்ட் என்பதால் வரும் பொய் எச்சரிக்கை அது, பயப்பட வேண்டாம்.

போன மாதம் அக்கா மகன் கேட்டான்: “மாமா, நின்டெண்டோ ஸ்விட்ச் வாங்கலாம்னு இருக்கேன். ஓலெட் எடுக்கவா, சாதா போதுமா?” எங்கே உட்கார்ந்து ஆடுவாய் என்று திருப்பிக் கேட்டேன். 2021-இல் வந்த ஓலெட் மாடல் 7 அங்குலம், பழையது 6.2. இரண்டிலும் 1280×720 தான். ராத்திரி படுக்கையில் ஆடுகிறவனுக்கு ஓலெட்டின் கறுப்பு வேறு உலகம். பகலில் ரயில் ஜன்னலோரம் ஆடுகிறவனுக்கு எந்தப் பளபளப்புக் கண்ணாடியிலும் தன் முகம்தான் தெரியும். ஒரே ஆட்டத்தை வருடக்கணக்கில் மணிக்கணக்காக ஆடினால், மூலையில் அசையாமல் நிற்கும் படங்கள் ஓலெட்டில் தடமாகப் பதியும் அபாயமும் உண்டு. அவன் ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகு ஆடுகிறவன். ஓலெட்டே எடு என்றேன்.

நீங்களே கேம் பாயைப் பிரிப்பதானால் மூன்று முனை உள்ள திருப்புளி வேண்டும். உள்ளே இருக்கும் போர்டில் 40 பின், 32 பின் என்று இரண்டு ரகம் உண்டு. ரிப்பன் கேபிளை அதற்கேற்ப வாங்க வேண்டும். பல கிட்களுக்கு உள்பக்க பிளாஸ்டிக்கைச் சீவ வேண்டிவரும், அவசரப்படாதீர்கள். பேனலின் முதுகில் இன்சுலேஷன் டேப் ஒட்ட மறக்காதீர்கள்.

கண்ணாடியை மூடும் முன் தூசு பாருங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியில் தூசு அடங்கியதும் அங்கேயே நின்று ஒட்டினேன். அப்படியும் வலது மூலையில் ஒன்று மாட்டிக்கொண்டது. ஆட்டத்தின் இரவுக் காட்சிகளில் அது நட்சத்திரம் போலத் தெரிகிறது. மறுபடி பிரிக்கத் தைரியம் வரவில்லை.