கல்லூரி வளாகத்தில் பாலியல் வன்கொடுமை: உதவி பெறும் வழிகள்

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மாணவி முதலில் நாடுவது பெரும்பாலும் விடுதித் தோழியையோ காப்பாளரையோதான். அங்கிருந்து அவர் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை. "போலீசில் புகார் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று மருத்துவமனை திருப்பியனுப்புமாயின், அது சட்டத்துக்கு முரணானதாகும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவின்படி, அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனே இலவசச் சிகிச்சை அளித்தல் வேண்டும். காவல் துறைக்குத் தகவல் தருவது மருத்துவமனையின் கடமை. சிகிச்சையளிக்க மறுக்கும் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். தாமதத்தின் விலை பெரிது: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். உடுத்தியிருந்த ஆடைகளைத் துவைக்காமல் வைத்திருப்பது நலம். குளித்துவிட்டதாலேயே பரிசோதனை பயனற்றுப் போவதில்லை. பரிசோதனைக்கு அவருடைய சம்மதம் தேவை. சம்மதிக்காவிடினும் சிகிச்சையை மறுத்தலாகாது.

குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். 181 என்ற தொலைபேசி எண் வழியாகவும் உதவி கோரலாம். 2015இல் தொடங்கப்பெற்ற திட்டத்தின்கீழ் இயங்கும் ஒருங்கிணைந்த சேவை மையங்களில் தற்காலிகத் தங்குமிடமும் சட்ட ஆலோசனையும் மனநல ஆலோசனையும் கிடைக்கின்றன.

கல்லூரியின் உள்புகார்க் குழு காவல் துறைக்கு மாற்று அன்று. நிறுவனத்தின் பெயர் கெடும் என்ற அச்சத்தால் இவ்வேறுபாடு சில வேளைகளில் வசதியாக மறக்கப்படுகிறது. இரு நடவடிக்கைகளும் ஒருங்கே நடைபெறலாம். குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் அளித்தல் வேண்டும். எழுத இயலாதவருக்கு எழுதித் தர உதவுவதும் குழுவின் பொறுப்பே.