ஹஜ்ஜிலிருந்து வந்த இருமல்: நோயும் ஓர் அமானத்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஹாஜிகள் ஊர் திரும்பும் நாட்கள் இவை. கோபாலபுரம், ராயப்பேட்டை, மயிலாப்பூர் என்று நம் சுற்றுவட்டாரத்தில் ஹாஜி வந்திறங்கிய வீடுகளின் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. ஹாஜியைச் சந்தித்து ஸலாம் சொல்வதும், முஸாபஹா செய்து துஆ கேட்பதும் நம் முன்னோர் காட்டிய அழகிய வழக்கம். அந்த வழக்கத்தோடு சேர்ந்து வரும் ஒரு கடமையைப் பற்றித்தான் இந்த வார ஜும்ஆவில் பேசினேன். வர இயலாதவர்களுக்காக அதை இங்கே எழுத்தில் தருகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹஜ் குழுவுக்கு வழிகாட்டியாகச் சென்றிருந்தேன். மினாவிலேயே இருமல் தொடங்கிவிட்டது. திரும்பும் விமானத்தில் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு சென்னையில் இறங்கினேன். வீட்டில் ஜமாஅத்தார் காத்திருந்தார்கள். "ஹஜ்ரத், உடம்பு சரியில்லையா?" என்று ஒருவர் கேட்டார். "பயணக் களைப்புதான் பாய்" என்றேன். அது பொய். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லை. ஹாஜி என்ற மரியாதையும் இனித்தது. முதல் ஸஃப்பில் தவறாமல் நிற்கும் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் என்னைக் கட்டித் தழுவி துஆ கேட்டுச் சென்றார். ஒரு வாரத்தில் நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் படுத்தார்.

அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார். ஆனால் பழைய தெம்பு திரும்பவில்லை. அவரிடம் சென்று உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "உங்ககிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும் ஹஜ்ரத்? அல்லாஹ் நாடினது நடந்துச்சு. ஆனா ஒண்ணு, அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வாசல்ல நின்னே துஆ கேட்டிருப்பேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் இந்தப் பயானின் மையக் கருத்து. நோய் வருவது நம் கையில் இல்லை. வந்த நோயை மறைப்பதும் சொல்வதும் நம் கையில் இருக்கிறது. மறைத்தால் பாதிக்கப்படுவது அடுத்தவருடைய உரிமை, அதாவது ஹக்குல் இபாத்.

தொற்று இல்லை என்று ஹதீஸ் இருக்கிறதே?

இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை. தொற்று இல்லை என்ற கருத்தில் நபிமொழி வந்திருப்பது உண்மை. அதை அறிவிக்கும் அதே அபூஹுரைரா (ரலி) அவர்கள்தான், நோயுற்ற ஒட்டகத்தை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டு வர வேண்டாம் என்ற நபிமொழியையும் அறிவிக்கிறார்கள். இரண்டும் புகாரி, முஸ்லிமில் உள்ளவை. அறியாமைக் கால அரபுகள், நோய் தன் சொந்த சக்தியால் தாவுகிறது என்று நம்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த நம்பிக்கையை மறுத்தார்கள். முதல் ஒட்டகத்துக்கு நோயைக் கொடுத்தது யார் என்று திருப்பிக் கேட்டார்கள். நெருப்பும் அல்லாஹ்வின் நாட்டமின்றிச் சுடாது. அதற்காக யாரும் பிள்ளையின் கையை அடுப்பில் வைப்பதில்லை. காரணங்களைப் படைத்தவனை நம்புவது ஈமான். அவன் படைத்த காரணங்களைப் பேணி நடப்பது அவனுக்குக் கீழ்ப்படிதல்.

ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளை நோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்திலிருந்து படையோடு திரும்பிய வரலாறு நீங்கள் பலமுறை கேட்டது. நோயுள்ள ஊருக்குள் போகாதே, நீ இருக்கும் ஊரில் நோய் வந்தால் தப்பி ஓடாதே என்ற சட்டத்தின் இரண்டாவது பாதியை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஓடுபவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைக்கிறான். அவன் நோயைச் சுமந்து அடுத்த ஊருக்குக் கொடுக்கலாம் என்பதையும் ஷரீஅத் கணக்கில் எடுத்திருக்கிறது.

கஃபாவிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி இருக்கிறது. தொழுநோயுள்ள ஒரு பெண் கஃபாவைத் தவாஃப் செய்துகொண்டிருந்தார். உமர் (ரலி) அவர்கள் அவரிடம், மக்களுக்குத் தொல்லை தராமல் வீட்டில் இருந்துகொள்வது நல்லது என்று கனிவோடு சொன்னார்கள். அவரும் அப்படியே இருந்துகொண்டார். உமர் (ரலி) வஃபாத்தான பின் ஒருவர் வந்து, தடுத்தவர் போய்விட்டார், இனி வெளியே வரலாமே என்றார். அவர் உயிரோடு இருக்கும்போது கீழ்ப்படிந்துவிட்டு, இறந்த பின் மாறு செய்பவள் நான் இல்லை என்று அந்தப் பெண் மறுத்துவிட்டார்.

தவாஃபை விடச் சிறந்த வணக்கம் அந்த இடத்தில் எது? ஆயினும் அடியார்களின் பாதுகாப்பு அங்கே முன்னே நிறுத்தப்பட்டது. ஸகீஃப் கோத்திரத் தூதுக்குழுவில் ஒரு தொழுநோயாளி இருந்தபோது, உமது பைஅத்தை ஏற்றுக்கொண்டோம், திரும்பிச் செல்லலாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஆள் அனுப்பிச் சொன்னதை முஸ்லிமில் காண்கிறோம். அவர் கூட்டத்துக்குள் வரவில்லை. ஆனால் அவருக்குரிய பைஅத் குறையவில்லை. ஒதுக்கி வைத்தலுக்கும் இழிவுபடுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

2020 மார்ச் கடைசியில் பள்ளிவாசல்களை மூடியபோது, துஆ செய்ய வேண்டிய நேரத்தில் கதவைச் சாத்துகிறீர்களே என்று என்னைக் கடிந்துகொண்டவர்கள் உண்டு. அவர்களுடைய வேதனை உண்மையானது. ஹாபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் தம் மகள்களைக் கொள்ளை நோய்க்குப் பறிகொடுத்தவர்கள். அந்நோய் பற்றி 'பத்லுல் மாஊன்' என்ற நூலையே எழுதியவர்கள். ஹிஜ்ரி 833இல் கெய்ரோவில் அன்றாட மரணம் நாற்பதைத் தொடாமல் இருந்தபோது, மக்கள் மூன்று நாள் நோன்பு வைத்து, பாலைவெளியில் திரண்டு துஆ செய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அது ஆயிரத்தைத் தாண்டியது என்று பதிவு செய்திருக்கிறார்கள். துஆ வேண்டும். நோய்க்காலத்தில் திரளாகக் கூடித்தான் கேட்க வேண்டும் என்பதில்லை.

ஒரு கப்பல் தலைவன் சொன்ன பொய்

இன்று எபோலா, கொரோனா போன்ற நோய்களை 'சர்வதேச அக்கறைக்குரிய பொதுச் சுகாதார அவசரநிலை' என்று உலக சுகாதார நிறுவனம் அறிவிக்கிறதல்லவா? 2009இல் பன்றிக் காய்ச்சல், 2014இல் போலியோவும் எபோலாவும், 2016இல் ஜிகா, 2020 ஜனவரி 30இல் கொரோனா, 2022லும் 2024லும் குரங்கம்மை என்று அந்த அறிவிப்பு வந்தது. நாடுகள் ஒன்றுகூடி நோய்க்கு விதிமுறை வகுக்கும் இந்த ஏற்பாட்டின் வரலாற்றில் ஹஜ்ஜுக்கு ஒரு பங்கு உண்டு.

1865ஆம் ஆண்டு ஹஜ்ஜில் காலரா பரவியது. சுமார் 15,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஜித்தாவிலிருந்து ஹாஜிகளை ஏற்றி சூயஸ் வந்த ஒரு கப்பலில், வழியிலேயே பலர் இறந்து கடலில் இறக்கப்பட்டிருந்தார்கள். தொற்றுநோய் ஏதுமில்லை என்று கப்பல் தலைவன் சொல்லிவிட்டான் என அக்கால அறிக்கைகள் கூறுகின்றன. பயணிகள் இறங்கினார்கள். காலரா அலெக்சாந்திரியாவுக்கும், அங்கிருந்து மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்கும் பரவியது. மறு ஆண்டு, 1866இல், இஸ்தான்புல்லில் சர்வதேச சுகாதார மாநாடு கூடி ஹஜ் பயணத்தைப் பற்றியே விரிவாகப் பேசியது. 1882இல் செங்கடலின் கமரான் தீவில் உஸ்மானிய அரசு தனிமைப்படுத்தும் நிலையத்தைத் திறந்தது. இந்தியாவிலிருந்து போன ஹாஜிகள் பல தலைமுறைகள் அந்தத் தீவில் இறங்கிக் காத்திருந்துதான் மக்கா போனார்கள். கப்பல் தலைவனின் பொய்யும் என்னுடைய 'பயணக் களைப்பும்' அளவில்தான் வேறு.

கையில் அட்டை, உடம்பில் ஊசி இல்லை

நம் காலத்துக்கு வருவோம். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை ஹஜ் பயணிகளுக்கு சவூதி அரசு கட்டாயமாக்கியிருப்பது சும்மா அல்ல. 1987 ஹஜ்ஜை ஒட்டியும், பிறகு 2000, 2001லும் அந்த நோய் ஹாஜிகளோடு பல நாடுகளுக்குப் போனது. 2024இல் உம்ரா போய் வந்தவர்களிடமும் அவர்களோடு நெருங்கிப் பழகியவர்களிடமும் அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன் மூன்று நாடுகளில் 12 பேருக்கு அந்த நோய் கண்டறியப்பட்டது. தடுப்பூசி விவரம் தெரிந்த 9 பேரும் ஊசி போடாதவர்கள்.

இங்கே வருத்தத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். "ஊசி வேண்டாம் ஹஜ்ரத், அட்டை மட்டும் வாங்கித் தர முடியுமா?" என்று என்னிடமே கேட்டவர்கள் இருக்கிறார்கள். அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகும் பயணத்தைப் பொய்ச் சாட்சியோடு தொடங்கலாமா? அந்த அட்டை உங்களுக்கானது மட்டுமல்ல. தவாஃபில் உங்கள் தோளோடு தோள் உரசும் இந்தோனேசியச் சகோதரிக்கும், நைஜீரியச் சகோதரருக்கும், வீட்டில் காத்திருக்கும் உங்கள் பேரப்பிள்ளைக்கும் நீங்கள் கொடுக்கும் வாக்குறுதி அது.

போலியோ சொட்டு மருந்தையும் எண்ணிப் பாருங்கள். அதைப் பற்றிய வதந்திகள் வட இந்தியாவில் முஸ்லிம் குடியிருப்புகளில் ஒரு காலத்தில் வேகமாகப் பரவின. ஆலிம்கள் முன்வந்து விளக்கினார்கள். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27இல் நம் பகுதி போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

வெட்கப்படுத்தினால் மறைப்பார்கள்

மறைப்பவரை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர முடியாது. 2020இல் டெல்லி தப்லீக் நிகழ்ச்சியை வைத்து ஒரு சமுதாயத்தையே நோயின் பெயரால் அழைத்தார்கள். அது எப்படி வலித்தது என்பதை நாம் அறிவோம். அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீக் சகோதரர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே கூறியது. அதே ஏப்ரலில் நம் சென்னையில் மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தபோது, அவரை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. சக மருத்துவர் இரவோடு இரவாக அவரைப் புதைக்க வேண்டியிருந்தது. வலித்த நாம், நம் தெருவில் காய்ச்சலில் படுத்தவரை அப்படி நடத்தலாமா? நோயாளி இழிவுபடுத்தப்படும் ஊரில் நோய் ஒளிந்துகொள்ளும்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஹஜ்ஜுக்குப் போகும் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே மூளைக்காய்ச்சல் ஊசியை உண்மையாகப் போட்டுக்கொள்ளுங்கள். உம்ராவுக்கும் அதுவே பாதுகாப்பு.

2. அங்கே நெரிசலில் முகக்கவசம் அணியுங்கள். காய்ச்சாத ஒட்டகப் பாலைத் தவிர்த்துவிடுங்கள். 2012இல் சவூதியில் முதலில் கண்டறியப்பட்ட மெர்ஸ் நோய் ஒட்டகங்களோடு தொடர்புடையது.

3. திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

4. இருமல் இருக்கும் ஹாஜி வீட்டார், வாசலிலேயே சொல்லிவிடுங்கள். வருபவர்கள் மனம் வருந்தாமல் ஸலாமோடு திரும்புங்கள். ஸம்ஸமை ஆளுக்கொரு டம்ளரில் கொடுங்கள்.

5. காய்ச்சலோடு ஜும்ஆவுக்கு வராதீர்கள். வீட்டில் லுஹர் தொழுங்கள். ஆரோக்கியத்தில் செய்துவந்த அமலின் நன்மை நோயாளிக்கு எழுதப்படும் என்ற நற்செய்தி புகாரியில் இருக்கிறது.

6. ஜமாஅத்தில் ஒருவர் நோயுற்றால் ஃபோனில் நலம் விசாரியுங்கள். வாசலில் சாப்பாடு வையுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போதும் நம் பள்ளிக்கு வருகிறார். நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். ஒவ்வொரு ஹஜ் பருவத்திலும் அவரைப் பார்க்கும்போது, சொல்லியிருக்கலாமே என்ற எண்ணம் என்னை உறுத்துகிறது. உங்களுக்கு அந்த உறுத்தல் வராமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.

யா அல்லாஹ்! எங்கள் ஹாஜிகளின் ஹஜ்ஜை மப்ரூரானதாக ஆக்குவாயாக! எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! எங்களால் எந்த அடியாருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.