ஒரு லீற்றர் டீசலில் எத்தனை அலகு?

2022 இல் ஒரு கட்டத்தில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீடித்தது. டீசலும் தட்டுப்பாடு. மின்பிறப்பாக்கி இருந்தும் தேயிலைத் தொழிற்சாலைகள் தவித்தன. இடம்பெயர்ந்து, பொது மின்பிறப்பாக்கியை நம்பி வாழும் நமக்கும் இதில் பாடம் உண்டு.

1. சுமையைச் சேர்ப்போம். முக்கால் சுமையில் ஓடும் நல்ல இயந்திரம் லீற்றருக்குச் சுமார் 3 அலகு மின்சாரம் தரும். இரண்டு மின்குமிழுக்காக ஓட்டினால் அதில் பாதிகூடக் கிடைக்காது. டீசல் முழுதாக எரியாமல் கரியும் படியும். ஆகவே நீர் இறைத்தல், மா அரைத்தல், பற்றரி ஏற்றுதல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்து, பின் நிறுத்திவிடுவோம்.

2. உயரத்தை மறவோம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேல் உள்ளது. காற்று அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத இயந்திரம் 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீத வலுவை இழக்கும். 10 கிலோவாற்று இயந்திரத்தில் 8 அளவே எதிர்பார்க்கலாம்.

3. கரும்புகையைக் கவனிப்போம். சுமை மிகுந்துவிட்டது, அல்லது காற்று வடிகட்டி அடைபட்டுவிட்டது என்பதே அதன் பொருள்.

கலந்துரையாட: ஊற்றிய லீற்றரையும் ஓடிய மணித்தியாலத்தையும் நம்மில் யார் கொப்பியில் எழுதுவது?